பழைய பிஎஸ்2-வைப் புது டிவியில மாட்டுறது: ஏவி டப்பா வாங்கறதுக்கு முன்னாடி

கேள்வி, ஜூன் 2, 2024

"அண்ணே, பரண்ல கிடந்த பிஎஸ்2 (ப்ளேஸ்டேஷன் 2) ஸ்லிம் கேம் மெஷினை எடுத்துத் துடைச்சு ஆன் பண்ணேன், பச்சை லைட் வருது. வீட்டுல 43 இன்ச் ஃபோர்கே டிவி. பின்னாடி மூணு எச்டிஎம்ஐ, ரெண்டு யூஎஸ்பி, ஏவின்னு எழுதின ஒரு சின்ன ஓட்டை, அவ்வளவுதான். மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயர் மாட்ட இடமே இல்ல. கடையில ஏவி டூ எச்டிஎம்ஐ டப்பா இருக்காம். வாங்கி மாட்டினா படம் எச்டி ஆயிடுமா? திருநெல்வேலியில இருந்து கேக்கறேன்."

ஜூன் 2, மாலை

டப்பா வாங்காதீங்க தம்பி. எச்டியும் ஆகாது.

அந்த ஏவி ஓட்டைதான் மஞ்சள் சிவப்பு வெள்ளைக்கான இடம். டிவி ஒல்லியாகிப் போனதால மூணு சாக்கெட்டையும் ஒரே 3.5 மிமீ ஓட்டையில அடக்கிட்டாங்க. டிவி வந்த அட்டைப்பெட்டியில, ரிமோட் பேட்டரியோட சேர்த்து ஒரு சாண் நீளத்துல குட்டி ஒயர் ஒண்ணு வந்திருக்கும். ஒரு முனை ஹெட்போன் பின் மாதிரி, ஆனா ரெண்டு கறுப்பு வளையத்துக்குப் பதிலா மூணு வளையம். மறு முனையில மூணு கலர்ல ஓட்டை. பிஎஸ்2-வோட ஒயரை அதுல அப்படியே சொருகலாம். ரிமோட்ல சோர்ஸ் அழுத்தி ஏவி எடுங்க.

பெட்டியில இல்லைன்னா செட்டாப் பாக்ஸ் பின்னாடி பாருங்க. நம்ம ஊர்ல கேபிள்காரர் வந்து பாக்ஸ் மாட்டும்போது முதல்ல கை வைக்கிறது இந்தக் குட்டி ஒயர் மேலதான். அரசு கேபிள் பாக்ஸ் வச்சிருக்கற நிறைய வீட்டுல அது அங்கதான் மாட்டியிருக்கும்.

ஜூன் 2, இரவு

ஒயர் கடையில வாங்கறதா இருந்தா ஒரு விஷயம். அந்த நாலு முனைப் பின்னுல எது வீடியோ, எது கிரவுண்டுன்னு எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி வைக்கல. ஹேண்டிகேம் ஒயர்னு ஒண்ணு கொடுப்பாங்க, பார்க்க அச்சு அசல் அதேதான். மாட்டினா படம் வராது, ஸ்பீக்கர்ல கரகரன்னு ஒரு சத்தம் மட்டும் வரும். அந்தச் சத்தம் வேற எதுவும் இல்ல, வீடியோ சிக்னல் ஆடியோ வழியில போகுது. அப்ப மஞ்சளைச் சிவப்பு ஓட்டையில சொருகிப் பாருங்க, அப்புறம் வெள்ளையில. படம் எதுல வருதோ அதுதான் அந்த ஒயரோட மஞ்சள். மாத்தி மாத்தி மாட்டறதால எதுவும் எரியாது, பயப்படாதீங்க. எதுலயும் வரலைன்னா கிரவுண்டே இடம் மாறியிருக்கு, அந்த ஒயரைத் திருப்பிக் கொடுத்துடுங்க.

ஜூன் 3

காலையில ஒருத்தர் கேட்டிருக்கார்: டிவி கொஞ்சம் பழசு, பின்னாடி பச்சை, நீலம், சிவப்பு சாக்கெட் இருக்கு, மஞ்சள் இல்ல, பச்சையில மஞ்சளை மாட்டினேன், படம் கறுப்பு வெள்ளையா வருதுன்னு.

மாட்டினது சரிதான். பச்சை சாக்கெட்டைச் சுத்தி மஞ்சள்ல ஒரு கோடு இருக்கா, இல்ல வீடியோன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. அந்த ஒரே சாக்கெட் ரெண்டு வேலை செய்யும். டிவி மட்டும் அதைக் காம்பொனென்ட்னு, அதாவது படத்தை மூணு ஒயர்ல பிரிச்சு அனுப்பற முறைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கு. நீலத்துலயும் சிவப்புலயும் கலர் வரும்னு காத்திருக்கு, வரல, அதான் கறுப்பு வெள்ளை. சோர்ஸ்ல காம்பொனென்ட்டை விட்டுட்டு ஏவி எடுங்க.

அப்பவும் கலர் வரலைன்னா டிவி மெனுவுல கலர் சிஸ்டம் பாருங்க. பால் (PAL, நம்ம ஊர் டிவி முறை) மட்டும்னு பூட்டி வச்சிருந்தா அமெரிக்கா டிஸ்க் போடும்போது கலர் போயிடும். ஆட்டோ வைங்க.

ஜூன் 4

திருநெல்வேலித் தம்பிக்குப் படம் வந்துடுச்சாம். "ஆனா அண்ணே, ரொம்பக் கேவலமா இருக்கு, சின்ன வயசுல இப்படி இல்லையே"ன்னு எழுதியிருக்கார். எல்லாரும் கேக்கற கேள்வி, கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

பிஎஸ்2 கேம்கள்ல பெரும்பாலானது வரையற படம் 640-க்கு 448 புள்ளி, இல்ல அதுக்கும் கம்மி. மொத்தம் 2,86,720 புள்ளி. உங்க ஃபோர்கே திரையில 3840-க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். கன்சோல் கொடுக்கற ஒவ்வொரு புள்ளியையும் டிவி 29 புள்ளியா பரத்தணும். நடுவுல எதைப் போட்டு நிரப்பறதுன்னு டிவியேதான் முடிவு பண்ணுது.

அதுக்கும் முன்னாடி ரெண்டு சேதம் நடந்திருக்கு. முதலாவது மஞ்சள் ஒயர். வெளிச்சம், கலர் ரெண்டையும் ஒரே கம்பியில கலந்து அனுப்புது. பாலையும் டிகாஷனையும் கலந்துட்டு மறுபடி தனித்தனியா கேட்டா எப்படி இருக்கும், அந்த வேலையைத்தான் டிவி செய்யுது. எழுத்து ஓரத்துல வானவில் ஓடறது, சிவப்பு சட்டையோட கலர் பக்கத்துல வழியறது, கோடு மேல புள்ளிகள் ஊர்றது எல்லாம் அங்க இருந்து வருது.

ரெண்டாவது, 480ஐ. அந்த "ஐ"-க்கு அர்த்தம், ஒரு தடவை ஒற்றைப்படை வரிகள், அடுத்த தடவை இரட்டைப்படை வரிகள்னு பாதிப் பாதியா அனுப்பறது. குழாய் டிவி அதை அப்படியே திரையில எழுதும், கண்ணு சேர்த்துக்கும். எல்சிடிக்கு அப்படி எழுதத் தெரியாது. ரெண்டு பாதியையும் ஒட்டி முழுப் படமாக்கித்தான் காட்ட முடியும். படம் அசையாம இருந்தா நல்லா ஒட்டும். கார் ஓடினா, ஒரு பாதி எடுத்த நேரத்துக்கும் அடுத்த பாதி எடுத்த நேரத்துக்கும் நடுவுல கார் நகர்ந்திருக்கும், ஓரமெல்லாம் சீப்புப் பல்லு தெரியும். பல்லை மறைக்க டிவி மழுக்கும். அந்த மழுங்கல்தான் உங்க "கேவலம்".

உங்க நினைவு பொய் சொல்லல. 21 இன்ச் குழாய் டிவியில அந்தப் படம் நிஜமாவே நல்லா இருந்துச்சு. அந்த டிவிக்காகச் செஞ்ச படம் அது.

ஜூன் 4, கொஞ்சம் கழிச்சு

விட்டுப் போச்சு: டிவியில திரை அளவு 4:3 வைங்க. முகமெல்லாம் பூசணிக்காயா தெரியுதுன்னா அதுதான் காரணம். ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். ஷார்ப்னஸைப் பாதிக்கும் கீழ இறக்குங்க. அனலாக் படத்துல அது கூட்டறது தெளிவை இல்ல, அழுக்கை.

ஜூன் 6

டப்பா ஏன் வேணாம்னேன்னு ரெண்டு பேர் சண்டைக்கு வந்திருக்காங்க. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, அதை வச்சே சொல்றேன்.

தீப்பெட்டி ரெண்டை ஒட்டின அளவு, கறுப்பு. ஒரு பக்கம் மூணு கலர் ஓட்டை, மறு பக்கம் எச்டிஎம்ஐ, பவருக்கு மினி யூஎஸ்பி, மேல 720பி / 1080பி-ன்னு ஒரு ஸ்விட்ச். அந்த ஸ்விட்ச்தான் ஆளை ஏமாத்துது. 1080பி-ல வச்சா டிவியும் மூலையில 1080பி-ன்னு காட்டும். ஆனா உள்ள வர்றது அதே மஞ்சள் ஒயர். கலந்ததைப் பிரிக்கறது, பாதிப் பாதியை ஒட்டறது, பெருசாக்கறது, மூணு வேலையையும் டிவிக்குப் பதிலா மலிவான ஒரு சிப் செய்யுது. உங்க டிவியில இருக்கற சிப் அதைவிட நல்ல சிப். நல்ல ஆளை உக்கார வச்சிட்டு கத்துக்குட்டிகிட்ட வேலை கொடுக்கறதுக்குக் காசும் கொடுக்கறோம்.

அதோட 4:3 படத்தை 16:9-க்கு இழுத்துத்தான் வெளிய தள்ளும். டிவி கைக்கு வரும்போதே அது அகலப் படம். சில டிவியில எச்டிஎம்ஐ-லயும் 4:3-க்கு நெரிக்கலாம், எல்லாத்துலயும் முடியாது.

ஏவி ஓட்டையே இல்லாத டிவி வச்சிருக்கறவங்களுக்கு வேற வழி இல்லைன்னா வாங்கிக்கோங்க, தப்பில்ல, கேம் ஓடும். வாங்கும்போது அட்டையில ஏவி டூ எச்டிஎம்ஐ-ன்னு இருக்கான்னு ரெண்டு தடவை படிங்க. எச்டிஎம்ஐ டூ ஏவின்னு நேர் எதிர் வேலை செய்யற டப்பாவும் அதே அளவு, அதே கலர். எனக்கு ஒரு கடையில அதைத்தான் எடுத்துக் கொடுத்தாங்க. "எல்லாம் ஒண்ணுதான் சார், ரெண்டு பக்கமும் போகும்"னு சொன்னாங்க. போகாது. ஒரு பக்கம் மட்டும்தான்.

ஜூன் 8

படத்தைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கோம். என்னைக் கேட்டா படம் ரெண்டாவது. முதல்ல தாமதம்.

மதுரையில ஒரு கேம் சென்டர்ல நான் வேலை பார்த்தவன். வரிசையா குழாய் டிவி, ஒவ்வொண்ணுக்கும் கீழ பிஎஸ்2, மணிக்கு இவ்வளவுன்னு நோட்டுல எழுதிவைப்போம். அதிகமா ஓடினது மூணு: சான் ஆன்ட்ரியாஸ், ஸ்மாக்டவுன், கிரிக்கெட் 07. ஓனர் ஒரு நாள் பழைய டிவி ரெண்டை எடுத்துட்டுப் புது எல்சிடி வச்சார். பளபளன்னு பெருசா இருந்துச்சு. சான் ஆன்ட்ரியாஸ் பசங்க ஓடி வந்து உக்காந்தாங்க. கிரிக்கெட் பசங்க ஒரு மேட்ச் ஆடிட்டு எழுந்து பழைய டிவிக்கு வரிசையில நின்னாங்க. கேட்டா காரணம் சொல்லத் தெரியல. "இதுல பந்து சரியா படமாட்டேங்குதுண்ணே."

அந்தப் பசங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. கன்சோல் படத்தை அனுப்பின நேரத்துக்கும் எல்சிடி அதைக் காட்டற நேரத்துக்கும் நடுவுல இடைவெளி இருக்கு. கேம் மோட் போடாத சில டிவியில அது 100 மில்லி செகண்டைத் தாண்டும். நிஜ மைதானத்துல 140 கிலோமீட்டர் வேகத்துல விட்ட பந்து பேட்ஸ்மேன்கிட்ட வர்றதுக்கே அரை செகண்ட்தான். அதுல ஐந்துல ஒரு பங்கை டிவி தின்னுட்டா, நீங்க பந்தைப் பார்த்து பட்டன் அமுக்கும்போது கன்சோலுக்குள்ள பந்து ஸ்டம்பைத் தாண்டியிருக்கும். சான் ஆன்ட்ரியாஸ்ல வண்டி ஓட்டறதுக்கும் மிஷன் செய்யறதுக்கும் 100 மில்லி செகண்ட் பெருசில்ல. பேட்டிங்குக்கு அதுதான் எல்லாமே. டெக்கன் மாதிரி சண்டை கேம் ஆடறவங்களுக்கும்.

அதனால மெனுவுல போய் பிக்சர் மோட் கேம்னு வைங்க. மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்‌ஷன்னு எந்தப் பேர்ல இருந்தாலும் அணைங்க. படம் கொஞ்சம் கரடாகும். கை சொன்னபடி கேக்கும்.

ஜூன் 9

தம்பி பதில்: "ஏவியில இருக்கும்போது கேம் மோட் மங்கலா இருக்கு, அமுக்க முடியல. எச்டிஎம்ஐ-க்குப் போனா வருது."

இது முக்கியம். சில டிவியில கேம் மோட் எச்டிஎம்ஐ-க்கு மட்டும்தான். அப்படின்னா என் முதல் பதிலோட இதையும் சேர்த்துப் படிங்க: படம் வந்தா போதும்னா ஏவி ஓட்டை, விளையாட்டு சரியா வரணும்னா எச்டிஎம்ஐ பக்கம் போயே ஆகணும். ஆனா அப்பவும் நான் சொன்ன அந்தக் கறுப்பு டப்பா இல்ல. வேற ஒண்ணு இருக்கு.

ஜூன் 9, இரவு

பிஎஸ்2 பின்னாடி ஏவி மல்டி அவுட்னு ஒரு தட்டையான சாக்கெட். 2000 மார்ச்ல ஜப்பான்ல வந்த முதல் பிஎஸ்2-வுலயும் அதேதான், கடைசியா வந்த ஸ்லிம்லயும் அதேதான், பிஎஸ்3-லயும் அதேதான். அதுக்குள்ள மஞ்சள் மட்டும் இல்ல, எஸ்-வீடியோ, காம்பொனென்ட், ஆர்ஜிபின்னு அதைவிட நல்ல வழி எல்லாம் வருது. பெட்டியில மஞ்சள் ஒயர் மட்டும் போட்டுக் கொடுத்ததால நாமெல்லாம் கன்சோலே அவ்வளவுதான்னு நினைச்சுட்டோம். இருக்கறதுலயே மட்டமான வழியில இத்தனை வருஷம் பார்த்திருக்கோம்.

காம்பொனென்ட்ல வெளிச்சம் தனிக் கம்பி (பச்சை), கலர் ரெண்டு தனிக் கம்பி (நீலம், சிவப்பு). கலக்கறதே இல்ல, பிரிக்கறதுக்கும் அவசியம் இல்ல. வானவில், வழியறது எல்லாம் ஒரே நொடியில போயிடும். அதே 480ஐ-தான், ஆனா ஸ்கோர்போர்டு எழுத்து படிக்க முடியும்.

காம்பொனென்ட் சாக்கெட் இருக்கற டிவிக்கு அஞ்சு முனை ஒயர் வாங்குங்க. அதுல சிவப்பு ரெண்டு இருக்கும், ஒண்ணு வீடியோ, ஒண்ணு ஆடியோ. மாட்டறதுக்கு முன்னாடி ஒயரைக் கையால நீவிப் பாருங்க: பச்சை நீலத்தோட ஒட்டி வர்ற சிவப்பு வீடியோ, வெள்ளையோட ஒட்டி வர்றது ஆடியோ. மாறிப் போனா படத்துல சிவப்பே இருக்காது, வலது ஸ்பீக்கர் ரீங்காரமிடும்.

காம்பொனென்ட் சாக்கெட் இல்லாத டிவிக்கு, அதாவது நம்ம தம்பிக்கு, பிஎஸ்2 டூ எச்டிஎம்ஐ-ன்னு கட்டைவிரல் அளவுல ஒரு டாங்கிள் கிடைக்குது. அந்த மல்டி அவுட்லயே நேரா சொருகற மாதிரி.

ஜூன் 10

"ரெண்டும் சைனா டப்பாதான், என்ன பெரிய வித்தியாசம்"னு ஒருத்தர்.

பெரிய வித்தியாசம். கறுப்பு டப்பா மஞ்சளை எடுத்து, ஒட்டி, பெருசாக்கி அனுப்புது. டாங்கிள் காம்பொனென்ட் சிக்னலை எடுத்து அப்படியே டிஜிட்டலாக்கி எச்டிஎம்ஐ வழியா விடுது. பெருசாக்கறது இல்ல, ஒட்டறது இல்ல. 480ஐ வந்தா 480ஐ-யாவே போகும், மிச்ச வேலை டிவியோடது. அதனாலதான் டாங்கிள்ல தாமதம் சேராது. டிவி எச்டிஎம்ஐ-னு பார்க்கறதால கேம் மோடும் திறக்கும். யாரு வேலை செய்யறாங்கன்றதுதான் இந்த இழை முழுக்க நான் கத்திக்கிட்டு இருக்கறது.

டாங்கிளுக்கு யூஎஸ்பி பவர் வேணும். டிவியோட யூஎஸ்பி-யே போதும்.

ஜூன் 10, சாப்பாட்டுக்கு அப்புறம்

டாங்கிளோ காம்பொனென்ட் ஒயரோ, மாட்டறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. இதைச் செய்யாம நிறைய பேர் டாங்கிளைக் குப்பையில போட்டிருக்காங்க.

மஞ்சள் ஒயர்லயே பிஎஸ்2-வை டிஸ்க் இல்லாம ஆன் பண்ணுங்க. ரெண்டு வரி வரும், பிரவுசர், சிஸ்டம் கான்ஃபிகரேஷன். ரெண்டாவதுக்குள்ள போனா காம்பொனென்ட் வீடியோ அவுட்னு ஒரு வரி. அது ஆர்ஜிபி-ல இருந்தா ஒய் சிபி/பிபி சிஆர்/பிஆர்-னு மாத்துங்க. நம்ம ஊர்ல கிடைச்ச மெஷின் நான் பார்த்ததுல ஆர்ஜிபி-லதான் இருந்துச்சு. ஐரோப்பாவுல ஸ்கார்ட்னு ஒரு சாக்கெட், அதுல ஆர்ஜிபி போகும், அதுக்காக. மாத்தாம டாங்கிள் மாட்டினா படம் பச்சையடிச்சு வரும், இல்ல நிக்காம உருளும். மாத்தினப்புறம் அணைச்சுட்டு ஒயரை மாத்துங்க.

ஜூன் 13

தம்பிக்கு டாங்கிள் வந்து மாட்டியாச்சு. கிரிக்கெட் 07-ல ஃபாஸ்ட் பௌலரை எல்லாம் விளாசறாராம். ரொம்ப சந்தோஷம்.

இப்ப அடுத்தது கேக்கறார்: 480பி வருமா? அதாவது பாதிப் பாதியா இல்லாம எல்லா வரியும் ஒரே தடவையில.

சில கேம்ல வரும். காட் ஆஃப் வார் அமெரிக்கப் பதிப்புல மெனுவுலயே ப்ரோக்ரஸிவ் ஸ்கேன் இருக்கு. வேற சில கேம்ல, லோட் ஆகும்போதே முக்கோணம், எக்ஸ் ரெண்டையும் அமுக்கிப் பிடிச்சா திரையில கேக்கும். கிரான் டூரிஸ்மோ 4 அமெரிக்கப் பதிப்புல 480பி, 1080ஐ ரெண்டும் உண்டு, 2005-ல! 1080ஐ-ன்றது பேருதான் பெருசு, உள்ள வரையறது அவ்வளவு புள்ளி இல்ல. எனக்கு 480பி-தான் பிடிக்கும். ஒட்டற வேலையே இல்லாததால கார் திரும்பும்போது வேலிக் கம்பி உடையாம நிக்கும். மஞ்சள் ஒயர்ல 480பி போகவே போகாது, காம்பொனென்ட் வழியிலதான்.

மத்த கேம்களுக்கு ஜிஎஸ்எம்னு ஒரு ஹோம்ப்ரூ (ஆர்வலர்கள் எழுதின மென்பொருள்) இருக்கு, நிறைய கேம்களை வலுக்கட்டாயமா 480பி-க்குத் தள்ளும். சிலது ஒத்துக்கும், சிலது கறுப்புத் திரையில நின்னுடும். அதை ஓட வைக்க ஃப்ரீ மெக்பூட்ன்ற மென்பொருள் ஏத்தின மெமரி கார்டு வேணும். 90000 வரிசை ஸ்லிம்ல கடைசியா வந்ததுல ஃப்ரீ மெக்பூட் ஏறாது, அதனால மெஷினைக் கவிழ்த்து எஸ்சிபிஎச்-னு தொடங்கற மாடல் எண்ணைப் பார்த்துட்டு வாங்குங்க.

ஜூன் 14

பால் டிஸ்க்குக்கும் அமெரிக்கா டிஸ்க்குக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டவருக்கு. இந்தியாவுல சோனி வித்தது பால் டிஸ்க். 576 வரி, நொடிக்கு 50 தடவை. அமெரிக்கா, ஜப்பான் டிஸ்க் 480 வரி, 60 தடவை. வரி கூடன்னா பால் ஒசத்தி இல்லையான்னு தோணும். நிறைய கேம்ல அந்தக் கூடுதல் வரியை நிரப்பாம மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை விட்டாங்க. அதைவிட மோசம், 60-க்கு எழுதின கேமை 50-ல ஓட விட்டா ஆறுல ஒரு பங்கு வேகம் குறையும். எல்லா கேமும் அப்படி இல்ல, ஒழுங்கா திருத்தி விட்டதும் இருக்கு. ஆரம்பத்துலயே 50-ஆ 60-ஆன்னு கேக்கற பால் டிஸ்க்கும் உண்டு, கேட்டா 60 எடுங்க. இன்னைக்கு விக்கற டிவி ரெண்டையும் வாங்கிக்கும்.

நம்ம நாட்டுல செஞ்ச பிஎஸ்2 கேமும் உண்டு, தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். ஹனுமான் பாய் வாரியர், 2009, ஹைதராபாத்ல செஞ்சது. கபடி, கில்லி, கோலின்னு தேசி அட்டா, அதுவும் 2009. டிஸ்க் கிடைச்சா பத்திரமா வைங்க.

ஜூன் 17

வெளிநாட்டுல இருந்து ஒருத்தர், "இவ்வளவு கஷ்டம் எதுக்கு, ஓஎஸ்எஸ்சி வாங்கிடுங்க"ன்னு. பழைய கன்சோல் படத்தை எச்டிஎம்ஐ-க்கு மாத்தற நல்ல கருவிதான். வரிகளை இரட்டிப்பாக்கி அனுப்பும், தாமதம் கிட்டத்தட்ட கிடையாது. 240 வரி மட்டும் (240பி) அனுப்பற பழைய கன்சோலுக்கு அருமை. பிஎஸ்2-வுக்கு நான் சொல்லமாட்டேன். 480ஐ வந்தா அது ரெண்டு பாதியையும் ஒட்டாம மாத்தி மாத்திக் காட்டும், மெல்லிய கோடெல்லாம் துடிக்கும். கொஞ்ச நேரத்துல கண்ணு வலிக்கும்.

பிஎஸ்2-வுக்குப் பொருத்தமானது ரெட்ரோடிங்க் 5எக்ஸ், 2021-ல வந்தது. எது அசையுது எது அசையலன்னு பார்த்துப் பார்த்து ஒட்டும். ஆனா அந்தக் காசுக்கு ரெண்டு மூணு பழைய பிஎஸ்2 வாங்கிடலாம், கஸ்டம்ஸ் வேற. நடுத்தரமா ஜிபிஎஸ் கன்ட்ரோல்: ஆர்கேட் மெஷின்ல போடற ஜிபிஎஸ் 8200-ன்ற மலிவு போர்டுல சின்ன வைஃபை சிப் ஒண்ணைச் சேர்த்து, இலவசமா கிடைக்கற மென்பொருளை ஏத்தறது. அதுவும் அசைவு பார்த்து ஒட்டும். சால்டரிங் தெரிஞ்சவங்களுக்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பொருள்லயே பாதி வேலை முடியும். தெரியாதவங்க செஞ்சு விக்கறவங்ககிட்ட வாங்குங்க.

இதெல்லாம் ஆசை இருக்கறவங்களுக்கு. டாங்கிளும் கேம் மோடும் இருக்கற தம்பிக்கு இப்ப இது எதுவும் தேவையில்ல.

ஜூன் 20

விஷயம் எங்கயோ போயிடுச்சு, ஆனா கேள்வி நல்லா இருக்கு. ஒரு அக்கா கேட்டிருக்காங்க: மரியோ, கான்ட்ரா கேசட் போடற டிவி கேம், கூட ஒரு துப்பாக்கி, புது டிவியில வாத்து சுட முடியுமான்னு.

கேம் வரும். அந்த மெஷின்ல பக்கவாட்டுல மஞ்சள் வெள்ளை சாக்கெட் இருந்தா அதையே பயன்படுத்துங்க. ஆன்டெனா ஒயர் மட்டும்தான்னா, டிவி செட்டிங்ஸ்ல அனலாக் சேனல் தேடல் இருக்கான்னு பாருங்க. மெஷினை ஆன்லயே வச்சுத் தேட விட்டா ஏதோ ஒரு சேனல்ல மரியோ வந்து நிப்பார்.

துப்பாக்கி மட்டும் சுடாது அக்கா. துப்பாக்கியில இருந்து எதுவும் வெளிய போறதில்ல, அது பார்க்கத்தான் செய்யுது. நீங்க விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருக்கற இடத்துல மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கிக் குழலுக்குள்ள இருக்கற ஒளி சென்சார் அந்த வெள்ளையைப் பார்த்துட்டா வாத்து காலி. குழாய் டிவியில அந்த வெள்ளை சொன்ன கணத்துல வரும். எல்சிடியில கொஞ்சம் தள்ளி வருது, அதுக்குள்ள மெஷின் "படலை"ன்னு தீர்மானிச்சுடும். பிஎஸ்2-வோட கன்கான் துப்பாக்கிக்கும் இதே கதி, அதுவும் குழாய் டிவி திரையை எழுதற நேரத்தை வச்சுத்தான் குறி கண்டுபிடிக்குது. எந்த டப்பா, எந்த டாங்கிள் போட்டாலும் இது மாறாது.

ஜூன் 21

"அப்ப குழாய் டிவியே வாங்கிடலாமே"ன்னு அக்கா பையன்.

இடம் இருந்தா வாங்குங்க, மனசார சொல்றேன். காயலான் கடையில எடைக்குப் போட வர்ற நேரத்துல பிடிச்சா சும்மா மாதிரி கிடைக்கும். வாங்கறதுக்கு முன்னாடி அங்கயே பிளக் போட்டுப் பாருங்க: படம் ஓரம் வரைக்கும் நிமிர்ந்து நிக்குதா, மூலையில ஊதா திட்டு இருக்கா, பத்து நிமிஷம் ஓடினப்புறமும் வெளிச்சம் அப்படியே இருக்கா. பின்னாடி காம்பொனென்ட் சாக்கெட் இருந்தா யோசிக்காம தூக்குங்க. ரெண்டு பேரா தூக்குங்க, கண்ணாடி பக்கம் நெஞ்சுல இருக்கட்டும், கனம் முழுக்க அங்கதான்.

பின் மூடியை மட்டும் கழட்டாதீங்க. பிளக்கைப் பிடுங்கினப்புறமும் பிக்சர் ட்யூப்ல ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். அதுக்கு அனுபவமுள்ள மெக்கானிக்தான்.

ஜூன் 25

தம்பி மறுபடி: "பிஎஸ்2 டிஸ்க் எல்லாம் டாங்கிள்ல ஓடுது. பழைய பிஎஸ்1 டிஸ்க் போட்டா மட்டும் லோகோ வரைக்கும் வருது, கேம் ஆரம்பிக்கும்போது நோ சிக்னல்."

டாங்கிள் நல்லாதான் இருக்கு. பிஎஸ்1 கேம்கள் பெரும்பாலும் 240பி-ல போகுது. பாதி வரிகளை மட்டும் ஒரே இடத்துல திரும்பத் திரும்ப அனுப்பற ஒரு பழைய குறுக்குவழி அது. டிவி ஒளிபரப்பு விதிப்புத்தகத்துல அப்படி ஒரு வகையே கிடையாது. மஞ்சள் ஒயர்ல வந்தா பெரும்பாலான டிவி அதை 480ஐ-ன்னு நினைச்சுக் காட்டிடும், எச்டிஎம்ஐ வழியா வந்தா நிறைய டிவி கதவைச் சாத்திடும். பிஎஸ்1 ஆடும்போது டாங்கிளைக் கழட்டிட்டு மஞ்சள் ஒயரை ஏவி ஓட்டையில மாட்டுங்க. கான்ஃபிகரேஷனைத் திரும்ப மாத்த வேணாம், மஞ்சளை அது தொடாது. மல்டி அவுட் சாக்கெட் ஒண்ணுதான், அடிக்கடி கழட்டி மாட்டினா ஆடிப் போயிடும். அதனால ஒயரைப் பிடிச்சு இழுக்காம, பிளாஸ்டிக் தலையைப் பிடிச்சு நேரா இழுங்க.